வார்டே வகுப்பறை: கல்லூரியில் இதழியல் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் இதழியல், காட்சித் தொடர்பியல் துறைகளில் இன்று முதலாண்டு சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் 2007, 2008ஆம் ஆண்டுகளில் பிறந்தவர்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபோது அவர்களுக்கு எட்டு ஒன்பது வயது. காலையில் பேப்பர் வாங்கும் பழக்கம் பல வீடுகளில் அதற்குள் விட்டுப்போயிருந்தது. அவர்களுக்குச் செய்தி என்றால் இன்ஸ்டாகிராமில் நகரும் நியூஸ் கார்டு, யூடியூப் ஷார்ட்ஸ், சித்தப்பா குடும்ப குரூப்பில் போடும் ஃபார்வர்டு. நம் பாடத்திட்டமோ இன்னும் முக்கியமானதை முதலில் சொல்லும் தலைகீழ்ப் பிரமிடு, பத்திரிகை அலுவலகத்தின் அமைப்பு, நாளிதழுக்கும் வார இதழுக்கும் உள்ள வேறுபாடு என்றே போகிறது.

இந்த இடைவெளியைப் பார்த்ததும் பல துறைகள் ரீல்ஸ் எடிட்டிங், தம்ப்நெயில் வடிவமைப்பு, ட்ரோன் என்று புதிய தாள்களைச் சேர்க்கின்றன. அதில் தப்பில்லை. ஆனால் அந்த மென்பொருள்களைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் அவையும் மாறிவிடும். போனை வைத்துக்கொண்டு தாமாகக் கற்க முடியாதவை வேறு: ஓர் இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது, முன்பின் தெரியாத மனிதரிடம் கேள்வி கேட்பது, கேட்டதைச் சரிபார்ப்பது, எழுதியதற்குப் பொறுப்பேற்பது. இவற்றுக்குக் களம் வேண்டும். அதனால் ஒரு செமஸ்டர் முழுவதும் மாணவர்களுக்கு ஒரே வார்டையோ ஒரே ஊராட்சியையோ ஒப்படைத்துவிடுங்கள் என்பேன். எழுத்து, சட்டம், வீடியோ, ஏ.ஐ. எல்லாவற்றையும் அந்த இடத்தை வைத்தே கற்பிக்கலாம். நாற்பது மாணவர், தொண்ணூறு வேலைநாள் என்று வைத்துக்கொண்டு முறையைச் சொல்கிறேன்.

1. செமஸ்டர் தொடங்கும் முன்: இடத்தைப் பிரியுங்கள்

நான்கு பேருக்கு ஒரு குழு என்று பத்துக் குழு. கல்லூரியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய பத்து இடங்கள். நகராட்சி வார்டு, ஊராட்சி, உழவர் சந்தை, அரசு மருத்துவமனை என்று கலந்து எடுங்கள். குழுவில் அந்தப் பகுதிக்காரர் ஒருவர் இருந்தால் கதவுகள் சீக்கிரம் திறக்கும். நான்கு பேருமே உள்ளூராக இருந்தால், தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

யாரை எங்கே அனுப்புகிறோம் என்பதை ஆசிரியர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஊருக்குள் நுழையும் மாணவரிடம் "எந்த ஊர் தம்பி, யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள். சில இடங்களில் அது வெறும் பிரியம். சில இடங்களில் சாதியைத் தெரிந்துகொள்ளும் வழி. இதற்கு என்ன பதில் சொல்வது என்பதை வகுப்பிலேயே பேசிவிடுங்கள். "இன்ன காலேஜ்ல படிக்கிறேன் ஐயா, பாடத்துக்காக வந்திருக்கோம்" என்பதற்கு மேல் சொல்ல யாருக்கும் கடமையில்லை. கோயில் நுழைவு, சுடுகாட்டுப் பாதை மாதிரியான தகராறுகளுக்கு யாரையும் தனியாக அனுப்பக் கூடாது. முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். இருட்டிய பிறகு களப்பணி வேண்டாம். துறைக்கென்று ஒரு சிம் வாங்கிவிட்டால் மாணவிகள் சொந்த எண்ணைக் கண்டவரிடமும் கொடுக்க வேண்டியிருக்காது. கல்லூரி அடையாள அட்டையும் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

முதல் தடவை போகும்போது செய்தி எதுவும் எழுதச் சொல்லாதீர்கள். கையால் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு வந்தால் போதும். ரேஷன் கடை, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளிக்கூடம், டாஸ்மாக், டீக்கடை, விளக்கு எரியாத தெரு, மழைநீர் தேங்கும் முனை, குடிநீர்த் தொட்டி. பல ஊர்களில் மேல்நிலைத் தொட்டியின் மேல் கடைசியாகச் சுத்தம் செய்த தேதியைப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு டேங்க் ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை, எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் முதல் செய்தி அங்கேயே தொடங்கிவிட்டது.

ஊராட்சி கிடைத்த குழுக்களுக்குக் கிராம சபை ஒரு வரம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். ஜூனில் தொடங்கும் செமஸ்டரில் இவற்றில் மூன்று வந்துவிடும். முதல் சபையில் உட்கார்ந்து பார்க்கட்டும், இரண்டாவதில் எழுதட்டும். முந்தைய சபையின் தீர்மானம் என்ன ஆனது என்று மூன்றாவதில் கேட்கட்டும். அந்த மூன்றாவது செய்தியைச் சென்னையிலிருந்து வரும் எந்த நிருபராலும் எழுத முடியாது.

2. முதல் வாரம்: செய்தி நாட்குறிப்பும் ஆர்.டி.ஐ. மனுவும்

ஒரு வாரத்துக்கு ஒவ்வொருவரும் தாங்கள் பார்த்த செய்திகளைக் குறித்துவைக்க வேண்டும்: எதில் பார்த்தேன், யார் அனுப்பினார்கள், முழுதாகப் பார்த்தேனா, நம்பினேனா. இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் எல்லோரும் நாளிதழ் படித்ததாக எழுதிவிடுவார்கள். அப்புறம் வகுப்பில் ஒரே நாளின் ஒரே அரசியல் செய்தியை எடுத்து, கலைஞர், ஜெயா, மக்கள் தொலைக்காட்சிகள் எப்படிச் சொல்லின, கட்சி சாராத ஒரு சேனல் எப்படிச் சொன்னது, ஒரு யூடியூபர் எப்படிச் சொன்னார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊடக உரிமையாளர் யார் என்பது ஏன் முக்கியம் என்று தனியாக ஒரு விரிவுரை தேவைப்படாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை (ஆர்.டி.ஐ.) செமஸ்டர் கடைசியில் நடத்துவதுதான் வழக்கம். அதை முதல் வாரத்துக்கு இழுத்துவிடுங்கள், ஏனென்றால் பதில் வர 30 நாள் ஆகும். வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். இரண்டையும் மாணவர்கள் கையால் செய்து பார்க்க ஒரு செமஸ்டர் முழுவதும் வேண்டும். மனுவைத் தமிழிலேயே எழுதலாம், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதில் வர வேண்டிய முகவரியாகத் துறையின் முகவரியைக் கொடுக்கச் சொல்லுங்கள், மாணவர் வீட்டுக்கு யாரும் தேடிப்போக வேண்டாம்.

கேள்வியை எப்படி அமைப்பது என்பதில்தான் பாடமே இருக்கிறது. "எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் சாலை போடவில்லை?" என்று கேட்டால் "தாங்கள் கோருவது தகவல் அல்ல" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "இன்ன தெருவில் 2023 ஏப்ரல் முதல் இன்று வரை நடந்த சாலைப் பணிகளுக்கான பணி ஆணை, ஒப்பந்தம், அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் தேவை" என்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். காரணத்தைக் கேட்காதே, காகிதத்தைக் கேள் என்று பலகையில் எழுதிப் போடுங்கள்.

3. கேள்வி கேட்பது

இந்தத் தலைமுறைக்கு மிகக் கடினமான படி இதுதான். ஆயிரம் பேர் பார்க்கும் வீடியோவில் சரளமாகப் பேசுகிற பிள்ளை, வி.ஏ.ஓ. அலுவலக வாசலில் கால் மணி நேரம் தயங்கி நிற்கும். அதைக் கூச்சம் என்று கடிந்துகொள்ளாதீர்கள். தெரியாத பெரியவரிடம் நிமிர்ந்து கேள்வி கேட்பதை அவர்களுக்கு வீடும் பள்ளியும் சொல்லித்தரவில்லை.

வகுப்பில் நாடகமாக நடத்திப் பழக்குங்கள். ஆசிரியர் அதிகாரியாக உட்காரட்டும். மாணவி கேட்கிறாள்:

"சார், எட்டாவது தெருவுல மூணு வாரமா தண்ணி வரலைன்னு சொல்றாங்களே?"

"நடவடிக்கை எடுக்கப்பட்டு வருதும்மா."

பெரும்பாலான மாணவர்கள் இங்கே "நன்றி சார்" என்று எழுந்துவிடுவார்கள். எழவிடாதீர்கள். என்ன நடவடிக்கை, யார் பொறுப்பு, எந்தத் தேதியில் தொடங்கியது, பைப்பு உடைந்ததா மோட்டார் பழுதா, டெண்டர் போட்டாயிற்றா, அதுவரை லாரி போகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை. இத்தனையும் மரியாதை குறையாமல், குரல் உயராமல், சிரித்த முகமாகக் கேட்க வேண்டும். "சார், புரியல, இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்பதைவிடப் பயனுள்ள வாக்கியம் நிருபர் வாழ்க்கையில் குறைவு. அதைச் சொல்ல வெட்கப்படக் கூடாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

எளிய மனிதர்களிடம் பேசும்போது பிரச்சினை வேறு. மைக்கை நீட்டி "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால் அழுகையோ மௌனமோதான் வரும். "நேத்து காலைல எழுந்ததுல இருந்து சொல்லுங்கம்மா" என்று கேட்டால் கதை வரும். தூய்மைப் பணியாளரிடம் பேசப் போகிற மாணவர், அவர் வேலைக்கு வரும் விடியற்காலையிலேயே போய்க் கூட நடக்கட்டும். ஆணையரை "சார்" என்றும் தூய்மைப் பணியாளரைப் பெயர் சொல்லி ஒருமையிலும் அழைக்கும் பழக்கம் எங்கேயாவது எட்டிப் பார்த்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். செய்தியிலும் இருவருக்கும் "அவர்", "சொன்னார்" தான்.

ரெக்கார்டு செய்யும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். ரெக்கார்டு ஓடினாலும் நோட்டில் எழுத வேண்டும். இந்த நோட்டைப் பற்றி ஏ.ஐ. பகுதியில் மறுபடி சொல்கிறேன்.

4. எழுத்து

தமிழ் இதழியலுக்கு எளிய நடை ஒரு பரம்பரைச் சொத்து. 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரனில் 1904இல் பாரதி உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவருக்கும் புரிய வேண்டும் என்று எழுதவைத்தார். இந்த வரலாற்றைத் தேதிப் பட்டியலாக மனப்பாடம் செய்யவைப்பதால் பயனில்லை. அந்தக் காலப் பக்கங்களின் படியை எடுத்து வந்து, ஒரு செய்தியை இன்றைய நடையில் மாற்றி எழுதவைத்தால் மனதில் நிற்கும்.

நல்ல பயிற்சி, அரசுச் செய்திக் குறிப்பை உடைப்பது. மாதிரிக்கு இப்படி ஒன்றைக் கொடுங்கள்: "பிரதான குழாயில் மேற்கொள்ளப்படவுள்ள பராமரிப்புப் பணிகள் காரணமாக 12ஆவது வார்டுக்குட்பட்ட பகுதிகளில் நாளை குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படவுள்ளதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது." மாணவர் எழுத வேண்டியது: "12ஆவது வார்டில் நாளை குழாயில் தண்ணீர் வராது." இதை எழுதியவுடனே கேள்விகள் தாமாக எழும். எத்தனை மணி வரை? லாரி வருமா? யாரிடம் போன் செய்வது? குறிப்பில் இல்லாத இந்தப் பதில்களைப் போன் போட்டு வாங்கிச் சேர்த்தால்தான் அது செய்தி. "படுகிறது, பட்டுள்ளது" என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்தவர் யார் என்று கேட்கப் பழக்குங்கள். பாதிப் பொறுப்புகள் அந்த வினைமுற்றுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

தட்டச்சையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் போனில் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் வரவழைப்பார்கள், அல்லது வாய்ஸ் டைப்பிங். அதில் ற-ர, ண-ன குழப்பமும் ஒற்றுப்பிழையும் வண்டி வண்டியாக வரும். முதல் மாதத்திலேயே தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கிவிட்டால், செய்தியைத் திருத்தி வெளியிடும் டெஸ்க்கில் வேலைக்குப் போகும்போது கைகொடுக்கும்.

5. சரிபார்ப்பு

இதற்கு மட்டும் நான்கு வாரம் ஒதுக்குங்கள். மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

போலி நியூஸ் கார்டில் தொடங்குவது நல்லது, நம் ஊரின் பொய்கள் அதிகம் அணியும் உடுப்பு அதுதான். பெரிய சேனலின் லோகோ, ஒரு தலைவரின் படம், அவர் சொல்லாத ஒரு வாக்கியம். கார்டைக் கொடுத்து மாணவர்களை வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த சேனல் பயன்படுத்தும் எழுத்துருவா இது? தேதியும் நேரமும் இருக்கிறதா, சேனல் வழக்கமாக வைக்கும் இடத்தில் இருக்கிறதா? ஒற்றுப்பிழை உண்டா? கடைசியாக, சேனலின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அதே நாளில் அதே கார்டு இருக்கிறதா? எழுத்துரு ஒத்துப்போகிறது என்பதற்காக உண்மை என்று முடிவு கட்டக் கூடாது, அதை யாரும் நகலெடுத்துவிடலாம். மூலப் பக்கத்தில் கண்டால்தான் கணக்கு. பக்கத்தில் இல்லாவிட்டாலும் நீக்கியிருக்கலாம், ஆகவே சேனலுக்கு ஒரு போன்.

அடுத்து வீடியோ. இதற்கு 2023 மார்ச்சில் நடந்ததை முழுப் பாடமாக எடுங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுவதாக வீடியோக்கள் பரவின. செய்தி நிறுவனங்கள் சிலவும் அதை அப்படியே எடுத்துப் போட்டன. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது, அங்கிருந்து ஓர் அதிகாரிகள் குழுவே புறப்பட்டு வந்தது. பயந்துபோன தொழிலாளர்களைச் சமாதானப்படுத்தத் திருப்பூரிலும் கோவையிலும் அதிகாரிகள் இந்தியில் பேச வேண்டியிருந்தது. பரவிய வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்தது என்று தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் விளக்கினார். பொய் பரப்பியதாக வழக்குகளும் பதிவாயின.

வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி: முதல் நாள் மாலை ஒரு செய்தி அறையில் நீங்கள் இருந்திருந்தால் இரண்டு மணி நேரத்தில் என்ன செய்திருக்கலாம்? வீடியோவிலிருந்து நாலைந்து ஃப்ரேம்களை வெட்டி கூகுள் லென்ஸில் தேடலாம். கடைப் பலகை எந்த மொழியில், வண்டி எண் எந்த மாநிலம் என்று பார்க்கலாம். பின்னணியில் கேட்கும் பேச்சு எந்த மொழி? வெயில் அடிக்கிறதே, அன்றைக்கு அங்கே மழையா? சொல்லப்படும் ஊரின் காவல் நிலையம், அரசு மருத்துவமனை, அந்த ஊரில் வேலை செய்யும் ஒரு தொழிலாளி, இந்த மூன்று பேருக்கும் போன். இதில் மென்பொருள் செய்வது பாதி வேலை, மீதியைப் போன் பேச்சுதான் செய்யும். தங்கள் வார்டில் ஒவ்வொரு குழுவும் நம்பகமான பத்து எண்களைச் செமஸ்டருக்குள் சேர்த்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

சரிபார்த்ததை எழுதும்போது பொய்யைத் தலைப்பில் பெரிதாகப் போட்டுவிட்டுக் கடைசி வரியில் "உண்மையல்ல" என்று முடிக்கக் கூடாது. உண்மை தலைப்பில் இருக்கட்டும்.

6. எண்கள்

கணக்கைக் கண்டு ஓடிவந்துதான் பலர் இந்தத் துறையில் சேர்கிறார்கள். பயப்படவைக்காத ஓர் உதாரணம்: 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. அன்று இரவு அறிவித்த சதவீதம் 72.09. பிறகு அது 69.46 ஆனது, இறுதியில் 69.72. ஒரே தேர்தல், மூன்று எண்கள். முதல் எண்ணைத் தலைப்பில் போட்ட செய்தியை என்ன செய்ய வேண்டும்? "உத்தேசம்" என்ற சொல் அந்தச் செய்தியில் இருந்ததா? 72.09க்கும் 69.72க்கும் உள்ள வித்தியாசம் 2.37 சதவீதப் புள்ளி, 2.37 சதவீதம் என்று எழுதினால் தப்பு, சதவீதமாகச் சொன்னால் அது சுமார் 3.3. இந்த ஒரு மணி நேர வகுப்பு பட்ஜெட் செய்தி எழுதும்வரை உதவும்.

அப்புறம் வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் சொத்து, வழக்கு விவரப் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணைய இணையதளத்திலிருந்து இறக்கிக் காட்டுங்கள். தங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் இரண்டு தேர்தல் பத்திரங்களை ஒப்பிட்டு நூறு சொல்லில் எழுதச் சொன்னால் ஆவணம் படிக்கும் பயம் போய்விடும்.

7. சட்டம்

பிரிவு எண்களை ஒப்பிக்கவைப்பதைவிட இரண்டு தமிழ்நாட்டு வழக்குகளை ஆழமாக நடத்துங்கள்.

ஒன்று, 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ராஜகோபால் வழக்கு. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவதைத் தடுக்க முயன்றதில் எழுந்தது. பொது ஆவணங்களில் இருப்பதை ஒருவரின் சம்மதம் இல்லாமலே வெளியிடலாம், அதிகாரிகள் தங்கள் பெயர் கெடும் என்று முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பு சொன்னது. அதே தீர்ப்பு ஒரு விலக்கையும் வைத்தது: பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது.

இரண்டாவது, 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கு. பாதிக்கப்பட்ட மாணவியின் விவரங்கள் இருந்த முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து போன் போனாகப் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு, குழந்தைகள் என்றால் போக்ஸோ சட்டத்தின் 23ஆவது பிரிவு, இரண்டும் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்குகின்றன. பெயரை மறைத்துவிட்டு ஊர், பள்ளி, அப்பாவின் தொழில் எல்லாவற்றையும் எழுதினாலும் அடையாளம் தெரிந்துவிடும். ஒரு மாதிரிச் செய்தியைக் கொடுத்து, எந்த விவரத்தை எடுத்தால் அக்கம்பக்கத்தாருக்குக்கூட ஆள் தெரியாமல் போகும் என்று ஒவ்வொன்றாக அடிக்கவையுங்கள். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்வதும் வெளியிடுவதுதான் என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தற்கொலைச் செய்திக்குத் தனி வகுப்பு வேண்டும். நீட் தேர்வு, பொதுத் தேர்வு முடிவுக் காலத்தில் நம் ஊடகங்கள் இதை எழுதும் விதம் பிள்ளைகளின் உயிரோடு சம்பந்தப்பட்டது. முறையை விவரிக்கக் கூடாது, ஒற்றைக் காரணத்தைக் கட்டக் கூடாது, கடிதத்தை வெளியிடக் கூடாது, 104, டெலிமானஸ் 14416 ஆகிய உதவி எண்களைப் போட வேண்டும். வகுப்பிலும் இதனால் பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை இருக்கலாம், அதனால் முந்தைய நாளே சொல்லிவிட்டு நடத்துங்கள்.

8. ஏ.ஐ.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து அசைன்மென்ட்டுகள் எல்லாம் ஒரே குரலில் வரத் தொடங்கிவிட்டன. தடை போட்டால் ஒளித்துச் செய்வார்கள். எதற்குப் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவதே நல்லது. பேட்டி ஒலிப்பதிவை எழுத்தாக்க, நீளமான ஆங்கில அறிக்கையில் நமக்கு வேண்டிய பக்கம் எது என்று தேட, தலைப்புக்கு யோசனை கேட்க அனுமதி. மேற்கோள், பெயர், தேதி, எண், படம், குரல் இவற்றை உருவாக்க அனுமதி கிடையாது. எங்கே பயன்படுத்தினேன் என்று ஒவ்வொரு செய்தியின் அடியிலும் குறிப்பு. பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரின் ஒலிப்பதிவை எந்தச் செயலியிலும் ஏற்றக் கூடாது.

கண் திறக்கும் பயிற்சி ஒன்று உண்டு. உள்ளூர் ஏரியின் வரலாற்றை முந்நூறு சொல்லில் எழுதித் தரும்படி ஏ.ஐ.யிடம் கேட்கச் சொல்லுங்கள். வந்ததை அச்செடுத்து, ஆவணத்தில் கண்ட வாக்கியத்துக்குப் பச்சை, ஊர்ப் பெரியவர் உறுதி செய்ததற்கு நீலம், எங்கேயும் ஆதாரம் கிடைக்காததற்குச் சிவப்பு. வழவழப்பான தமிழில் எவ்வளவு சிவப்பு இருக்கிறது என்று மாணவர்கள் தாங்களே பார்ப்பார்கள். ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போதும் இதே கவனம் வேண்டும். நெல்லைப் பேச்சும் குமரிப் பேச்சும் வந்தால் செயலி தடுமாறும், ஊர்ப் பெயரை வேறு சொல்லாக்கும். ஒரு பாட்டியின் பேச்சில் "இல்ல" என்ற ஒரு சொல் விழுந்துபோனால் அர்த்தமே தலைகீழாகிவிடும். அதனால் மேற்கோளாகப் போகிற ஒவ்வொரு வரியையும் காதால் மறுபடி கேட்க வேண்டும்.

செய்தி உண்மையில் மாணவருடையதா என்று கண்டுபிடிக்க மென்பொருளை நம்பாதீர்கள், அவை தமிழில் தப்பும் தவறுமாகச் சொல்லும். நோட்டை எடுத்து வரச் சொல்லி ஐந்து நிமிடம் பேசுங்கள். "இவங்க வீட்டு வாசல் எப்படி இருந்துச்சு? இந்தப் பதிலுக்கு முன்னால என்ன கேட்ட?" போய் வந்த பிள்ளை கண் மூடிச் சொல்லும்.

9. போன்

இதற்கு ஒரு வாரம் போதும். படத்தைவிட ஒலி முக்கியம் என்று முதலில் சொல்லுங்கள், காற்றிரைச்சலில் பேசிய பைட்டை (பேட்டித் துண்டை) யாரும் கேட்க மாட்டார்கள். விலை மலிவான காலர் மைக் குழுவுக்கு ஒன்று வாங்கித் தாருங்கள். நிமிர்ந்த வீடியோ, படுத்த வீடியோ இரண்டும் எடுக்கட்டும். தம்ப்நெயிலுக்கு ஒரே விதி: வீடியோவுக்குள் இல்லாததைத் தம்ப்நெயில் வாக்களிக்கக் கூடாது.

10. வெளியிடுதல்

யாரும் படிக்காத அசைன்மென்ட்டுக்கு யாரும் பொறுப்பாக உழைக்க மாட்டார்கள். வாரம் ஒரு முறை துறையின் வலைத்தளத்திலோ, வார்டு மக்கள் இருக்கும் வாட்ஸ்அப் சேனலிலோ, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டும் ஒரு தாளிலோ வெளியாக வேண்டும். சுழற்சி முறையில் நான்கு மாணவர்கள் டெஸ்க்கில் உட்காரட்டும். நிருபர் கொண்டு வந்ததில் கேள்வி எழுப்பி, போன் போட்டு உறுதி செய்து, தலைப்பு வைத்து அனுப்புவது அவர்கள் வேலை. ஆசிரியர் கடைசியாகப் பார்த்தால் போதும். தப்பு வந்தால் அதே இடத்தில், அதே அளவில் திருத்தம் போட வேண்டும். சத்தமில்லாமல் மாற்றிவிடக் கூடாது.

நிர்வாகத்தோடு முதலிலேயே பேசிவிடுங்கள். கவுன்சிலர் முதல்வருக்குப் போன் செய்வார், நிச்சயம் செய்வார். யாரைப் பற்றிக் குறை எழுதினாலும் அவருடைய பதிலைக் கேட்டுப் போடுவோம், ஆதாரத்தைக் கோப்பில் வைப்போம், அவதூறுக்கு இடம் தரும் வரியை வெட்டுவோம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டால் முதல்வருக்கும் போனில் பதில் சொல்ல வசதி. கல்லூரி விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். எழுதலாம் என்றுதான் சொல்வேன். வார்டு அதிகாரியிடம் கேட்கிற அதே கேள்விகளை வார்டனிடமும் கேட்கட்டும். அனுமதி கிடைக்கவே கிடைக்காது என்றால் வெளியிடாமல் வகுப்புக்குள் செய்யுங்கள், பாடம் அப்போதும் உண்டு.

11. மதிப்பெண்

இணைப்புக் கல்லூரிகளில் பொதுவாக அகமதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. கையில் இருப்பது அந்த 25 தான். அதில் பத்தை நோட்டுக்கும் கள வருகைக்கும், ஐந்தைச் சரிபார்ப்புக்கும், ஐந்தை எழுத்துக்கும், ஐந்தை டெஸ்க் வேலைக்கும் பிரிக்கலாம். வியூஸ், லைக் எண்ணிக்கைக்கு ஒரு மதிப்பெண்கூடப் போடாதீர்கள். தானாகவே திருத்தம் கொண்டு வரும் மாணவருக்குக் குறைக்காமல், கூடுதலாகக் கொடுங்கள். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் எழுத்துத் தேர்வில் ஒரு பகுதியைத் தொகுப்புக் கோப்பாக மாற்றப் பாடத்திட்டக் குழுவில் வாதாடிப் பெறலாம்.

12. வேலைக்கு அனுப்பும் முன்

சம்பளத்தை மறைக்காதீர்கள். தொடக்கச் சம்பளம் குறைவு, மாவட்ட ஸ்ட்ரிங்கர்கள் (பகுதிநேர நிருபர்கள்) பலருக்குச் செய்திக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு, சிலரிடம் விளம்பரமும் பிடித்துத் தரச் சொல்வார்கள். பிள்ளையும் பெற்றோரும் இதைத் தெரிந்தே முடிவெடுக்கட்டும். படிக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் மாதிரியானவற்றுக்கு விண்ணப்பிக்கவையுங்கள். நாளிதழ், தொலைக்காட்சிக்கு வெளியே உண்மை சரிபார்ப்புக் குழுக்கள், பாட்காஸ்ட், தொண்டு நிறுவனங்களின் ஆவணப் பிரிவு என்று இந்தத் திறமைக்கு வேறு இடங்களும் இருக்கின்றன.

நேர்காணலுக்குப் போகிற மாணவர் கையில் ஒரு கோப்பு இருக்க வேண்டும். வெளியான செய்திகளில் ஆறு, அதில் ஒன்றாவது ஒரே பிரச்சினையை மூன்று முறை தொடர்ந்து எழுதியதாக இருக்கட்டும். பதில் வந்த ஓர் ஆர்.டி.ஐ., வராததற்குச் செய்த ஒரு மேல்முறையீடு. படிப்படியாக எப்படிக் கண்டுபிடித்தேன் என்று விளக்கும் ஒரு சரிபார்ப்பு, நிமிர்ந்த வீடியோ ஒன்று. தான் போட்ட ஒரு திருத்தத்தின் படியும் இருக்கட்டும். அதைப் பற்றி ஆசிரியர் குழு கேட்டால் என்ன சொல்வது என்று முந்தைய நாள் உங்கள் அறையில் உட்காரவைத்துப் பேசிப் பார்த்துவிடுங்கள்.